தூண்டில்காரனுக்கு முதல்தரத் துணி

கபன் துணிக்கு அளவுகோலை எடுத்தபோது மஹ்மூத் ஹாஜியாரின் கை தானாகவே இரண்டாந்தரக் கட்டின் மேல் போய் நின்றது. முதல்தரத் துணி மேல்தட்டில் இருந்தது. எடுக்க ஏணி வேண்டும். ஏணியும் பக்கத்தில்தான் சாய்ந்திருந்தது. ஆனால் தம்பி சாலிஹ் என்ன பெரிய மனிதனா? கடை வைத்தானா, பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்றானா? நாற்பத்தெட்டு வயதையும் மகாவலிக் கரையில் கொக்கு மாதிரி நின்றே கழித்தவன். மண்ணுக்குள் போகிற துணிக்கு இது போதும் என்று ஹாஜியார் சர்ரென்று கிழித்தார்.

சாலிஹை ஆற்றிலிருந்து தூக்கி வந்து வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள், மௌத்து என்று செய்தி வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஹாஜியாருக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாகிறதற்கும் இவனுக்கு அந்த ஆறுதான் கிடைத்ததா? கட்டுகஸ்தோட்டைக் கடைவீதி முழுக்க இனி இதே பேச்சாக இருக்கும்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். ஓதப் பள்ளிக்கு அனுப்பினால் குண்டூசியை வளைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவான். பெரியவனானதும் ஹாஜியார் தன் துணிக்கடையில் நிறுத்திவைத்தார். முழம் போடும்போதே அவன் கண் வாசலுக்குப் போகும். வெயிலைப் பார்த்து, இந்நேரம் மீன் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று கணக்குப் போடுவான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் அவன் தூண்டில் போடுவதைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டுக் காரை நிறுத்தினார். அன்றோடு கெட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் வெள்ளிச் சக்கரம் வைத்த தூண்டில்களோடு வருவார்கள்; மீன் எங்கே கிடக்கிறது என்று சாலிஹ் காட்ட வேண்டும். அவர்கள் பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை. இதற்கு மாதச் சம்பளம், பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் கடைக்கு வந்த நாளை ஹாஜியார் மறக்கவில்லை. அண்ணனை நானா என்று கூப்பிட்டுக்கொண்டே முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"நானா, ஆத்துல நிக்கிறதுக்கே எனக்குச் சம்பளம் தாறாங்க."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் ஹாஜியார் சொன்னார்.

"கொக்குக்கு யாரும் சம்பளம் குடுக்கிறதில்ல. நீ அதுக்கும் கீழ போயிட்ட."

நாலு பேரும் சிரித்தார்கள். சாலிஹும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அவன் கடைப்படி ஏறவில்லை. அது நடந்து ஒன்பது வருஷம்.

ஹாஜியார் துணியோடு போய்ச் சேர்ந்தபோது தம்பியின் வாசலில் இவ்வளவு சனம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பத்து நாலாம் வருஷம் அது. மழை பொய்த்து ஆறு வற்றி, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். மையத்துக்குத் தோள் கொடுக்கவே நாலு பேர் தேட வேண்டியிருந்த காலம். இங்கே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார்கூட வந்து நின்றார்கள். தொழுகை நடத்துகிற லெவ்வை அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜியார், தண்ணியில மூழ்கி மௌத்தாப் போனவன் ஷஹீது. ஒங்கட தம்பிக்கு அல்லாஹ் பெரிய தரஜாவக் குடுத்திட்டான்."

ஷஹீது என்றால் உயிர்த்தியாகி; கேள்விகணக்கில்லாமல் சொர்க்கம். கப்பலில் குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்து மக்காவுக்குப் போய் வந்தவர் அவர். வருஷம் தவறாமல் ஸக்காத்துக் கொடுக்கிறவர். அவர் இங்கே நிற்க, வேலைமெனக்கெட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரே தாவலில் மேலே போய்விட்டானா? நேற்றுவரை அவனை மீன்காரன் என்று சொன்ன வாய்களெல்லாம் இன்று ஷஹீது ஷஹீது என்று முணுமுணுத்தன. ஒரு மரைக்காயர் கபன் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். ஹாஜியார் உடனே கடைக்கு ஆள் அனுப்பி முதல்தரத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். ஏணி வைத்து எடுக்கச் சொன்னார்.

மையத்தைக் குளிப்பாட்டக் கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைப்புப் போட்டிருந்தார்கள். கூடப்பிறந்தவன் கைதான் முதலில் பட வேண்டும். லெவ்வை வெந்நீர் பார்க்கப் போக, ஹாஜியார் தம்பியோடு தனியாக நின்றார். சாரமும் சட்டையும் ஈரத்தில் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. தலையில் லேஞ்சித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தான். அந்த முடிச்சைத்தான் அவர் முதலில் அவிழ்த்தார்.

லேஞ்சி காய்ந்திருந்தது.

அதன் மடிப்பில் இறகு கட்டிய இரண்டு தூண்டில் முள்ளும் ஒரு நெருப்புப்பெட்டியும் இருந்தன. ஆற்றில் இறங்குகிறவன் நெருப்புப்பெட்டியைத் தலையில்தான் வைப்பான். ஹாஜியார் அதைக் குலுக்கினார். குச்சிகள் கலகலத்தன. தம்பியின் தலைமயிருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, தண்ணீர் இல்லை.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொன்னால் அதுதான். அப்படியானால் ஷஹீதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொக்கு கொக்காகவே செத்திருக்கிறது.

மையத்தைத் தூக்கிவந்த அழகையா வேலியோரப் பலாமரத்தடியில் குந்தியிருந்தான். கலஹாத் துரையின் பங்களாவில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் துரை சொல்லியனுப்பியதைச் சொல்ல வந்த இடத்தில்தான் சாலிஹைக் கண்டிருக்கிறான். மடியில் சாலிஹின் தூண்டிலை வைத்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் கிட்டப் போய், மெதுவாக, எங்கே கிடந்தான் என்று கேட்டார்.

"கெடக்கலீங்க, ஒக்காந்திருந்தாருங்க. அந்தப் பக்கத்துக் கரையில, கசத்துக்கிட்ட, பாறை மேல. காலு மட்டுந்தான் தண்ணியில. கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல. நெஞ்சுவலியா இருக்குமுங்க."

"அப்ப எப்படி நனைஞ்சான்?"

"தோள்ல போட்டு ஆத்தக் கடந்தேனுங்க. நடுவுல எனக்குக் காலு வழுக்கிருச்சு. தலைய மட்டும் நனைய விடலீங்க." தூண்டிலை மடியில் நகர்த்திவைத்துச் சொன்னான்: "இதச் சொல்லலாம்னுதான் இருந்தேன். என்னைய யாரும் கேக்கல."

கேட்க மாட்டார்கள். ஈரத்தோடு வந்த மையத்தைப் பார்த்ததும் இவர்களுக்கு அதுவே போதும். ஆறு முழங்காலளவு ஓடுகிற வருஷத்தில் ஒருவன் எப்படி மூழ்கினான் என்று யோசிக்க ஒரு தலை இல்லை. மீன் ஏதும் மாட்டியிருந்ததா என்று ஹாஜியார் கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இல்லீங்க. வெறும் முள்ளுதான். ஆனா தூண்டில விடல. கையில இருந்து பிரிச்செடுக்க ரொம்ப நேரமாச்சு."

கடைசியில் அதுவும் இல்லை. ஹாஜியார் நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு லெவ்வையிடம் சொல்லப் புறப்பட்டார். மார்க்க விஷயம், மறைக்கக் கூடாது என்று மனதுக்குள் நியாயமும் தயாராக இருந்தது.

வெந்நீர் அடுப்புக்குப் போகிற வழியில் பெண்கள் கூடியிருந்த அறை. வாசலில் திரை கட்டி, உள்ளே தம்பியின் மனைவி றம்லத்தை கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா மறைவுக்கு உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள். உள்ளே இருந்த பெண்கள் யார் யார் என்று ஹாஜியாருக்குப் பார்க்காமலே தெரியும். அவருடைய மகள் கல்யாணத்தில், ஒரு சஹன் தட்டுக்கு ஆறு பேர் என்று சுற்றி உட்கார்ந்தபோது, றம்லத் உட்கார்ந்த சஹனில் மட்டும் ஐந்து பேர் எழுந்து போனார்கள். மீன் மணக்கிறதாம். ஆறு பேர் சோற்றின் முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் செய்தி ஹாஜியார் காதுக்கும் வந்தது. அன்று அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவனைக் கட்டினவள் படட்டும் என்று இருந்துவிட்டார்.

அவருடைய செருப்புச் சத்தத்தை அவள் அறிந்திருக்க வேண்டும். திரைக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான், லெவ்வை சொன்னது மெய்தானா? அவரு ஷஹீதா?"

உள்ளே பேச்சு நின்றுபோயிற்று. ஓதிக்கொண்டிருந்தவள்கூட நிறுத்திவிட்டாள். அத்தனை பேரும் அவர் சொல்லப்போவதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று திரைக்கு இப்பால் நின்ற ஹாஜியாருக்குத் தெரிந்தது. அவருக்கு அந்தப் பெண்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. மரைக்காயர்மார் மேல் வந்தது. செத்தும் தன்னை இப்படி மாட்டிவிட்ட தம்பி மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற தன் மேலேயே வந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தபின், சாயம் போகாது என்று துணியை விற்பதைத் தவிர, அவர் பொய் சொன்னதில்லை.

"மெய்தான்," என்றார். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. "ஆத்தோட போனவன் ஷஹீது இல்லாம வேற யாரு?"

அப்போதுதான் றம்லத் முதன்முதலாகச் சத்தம்போட்டு அழுதாள். பெண்கள் எழுந்து அவளிடம் நெருங்குகிற சேலைச் சரசரப்பும், யாரோ அவளைக் கட்டிக்கொண்டு விம்முவதும் கேட்டன. இப்போது மணக்கவில்லையாக்கும் என்று ஹாஜியார் மனதுக்குள் காறித் துப்பினார்.

மறைப்புக்குள் லெவ்வை சாம்பிராணிச் சட்டியை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தார். தணல் அவிந்துபோயிற்று, நெருப்பு வேண்டும் என்றார். ஹாஜியார் சட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து உரசினார். முதல் உரசலிலேயே குச்சி பற்றிக்கொண்டது. லெவ்வை தேங்காய்ச் சிரட்டையை ஊதுவதில் குனிந்திருக்க, ஹாஜியார் பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு தம்பியைக் குளிப்பாட்டினார்கள். லெவ்வை ஊற்ற, ஹாஜியார் தேய்த்தார். வலக்கைச் சுட்டுவிரலில் நூல் ஓடி ஓடி விழுந்த பள்ளம் ஒன்று இருந்தது. அழுக்கு என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. மறுபடியும் தேய்த்தார். போதும் ஹாஜியார் என்று லெவ்வை சொல்லும்வரைக்கும் அந்த விரலை அவர் விடவில்லை.

மடவளை மையவாடிவரைக்கும் சந்தூக்குப் பெட்டி தோளுக்குத் தோள் மாறிக்கொண்டே போயிற்று. கலிமாச் சத்தம் கேட்டு வழியில் கடைகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து சேர்ந்தார்கள். தன் மௌத்துக்கு இதில் பாதி சனம் வருமா என்று ஹாஜியார் நினைத்தார்; வராது என்றுதான் தோன்றியது. அழகையா தூண்டிலை ஏந்திக்கொண்டு கடைசியில் நடந்து வந்தான். மையவாடி மதிலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

முதல்தரத் துணியில் சாலிஹ் பளிச்சென்று உள்ளே இறங்கினான். பலகை அடுக்கியபின், அண்ணன் முதலில் போடட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஹாஜியார் குனிந்து ஒரு பிடி மண் போட்டார். இரண்டாவது பிடிக்குக் குனிந்தபோது சட்டைப்பைக்குள் குச்சிகள் கலகலவென்று ஆடின. பக்கத்தில் நின்ற மரைக்காயர் திரும்பிப் பார்த்தார்.

ஹாஜியார் மண் கையாலேயே பையைப் பொத்திக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. கையை எடுக்காமல், மூன்றாவது பிடி மண்ணை இடது கையால் அள்ளிப் போட்டார்.