அறுத்துக்கிட்டே போங்க

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கமலவேணி வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே ஒருவர் பைக்கில் சாய்ந்தபடி நின்றிருந்தார். கொஞ்சம் கிட்டே போன பிறகுதான் வெற்றிச்செல்வன் என்று தெரிந்தது. வில்லியனூர் தாண்டி அவளுக்கிருந்த ஒரு காணி நிலத்தை ஒட்டியே அவர் குடும்பத்துக்கு எட்டுக் காணி. பக்கத்து நிலக்காரர் என்ற பெயர்தான். நின்று நாலு வார்த்தை பேசியதில்லை.

அன்று முழுக்க அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நினைப்பெல்லாம் வயலில்தான் இருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம், தை மாதத்திலும் மழை வரும் என்று போனில் செய்தி. நெல் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு காணிக்காக வண்டியை இறக்க முடியாது என்று மெஷின்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

"உன்கிட்ட ஒரு ஒதவி கேக்கலாம்னு வந்தேம்மா," என்றார் வெற்றிச்செல்வன். "ஆத்தூர்லேர்ந்து அறுப்பு மெஷின் வந்துட்டுது. புயல்ல வயலுக்குப் போற பாலம் இடிஞ்சிப் போச்சில்ல, இப்ப உன் நெலத்து வழியாத்தான் வண்டி எறங்க முடியும். ஓரமா ஒரு வழி விட்டின்னா போதும். எவ்ளோ சேதமோ குடுத்துடறேன்."

கமலவேணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க நெல்லு உங்களுக்கு வழியாண்ணா?"

அவர் பைக்கை விட்டு நிமிர்ந்தார். அவள் விடவில்லை.

"போன வருசமும் இதே மாதிரி மெஷின் வந்துச்சி. என் வரப்பு மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உங்க நெலத்த முடிச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டுது. மறுநாளு மழ. கதிரெல்லாம் மொளச்சிப் போச்சி."

"நான் வேணாம்னு சொல்லலியேம்மா."

"சொல்லலதான். போற வழியில இதையும் அறுத்துட்டுப் போன்னும் சொல்லலியே."

ஷிப்ட் முடிந்த கூட்டம் அவர்களைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனது. வெற்றிச்செல்வன் பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

"எனக்குத் தோணல. அதான் நெசம்," என்றார். "நீயும் கேக்கலியேம்மா. கம்பெனி வேல இருக்குது, வெளைஞ்சாலும் வெளையாட்டியும் உனக்கு ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன்."

"கம்பெனியில வர்றதத்தாண்ணா வயலுக்குப் போடறேன். உங்ககிட்ட வந்து கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சி. எட்டுக் காணிக்காரருக்கு என்ன கவலைன்னு நானும் நெனச்சிட்டேன்."

வெற்றிச்செல்வன் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் களைப்புதான் இருந்தது. "பாரீசுல இருக்கற தம்பி தெனம் போன் போடறான். இந்த வெள்ளாமையும் போச்சின்னா மனை போட்டு வித்துடலாங்கறான். நானும் எத்தினி வருசந்தான் அவனுக்குச் சமாதானம் சொல்றது?"

வாய்க்கால் தண்ணீர் அவர் நிலத்தின் வழியாகத்தான் கமலவேணிக்கு வருகிறது. அங்கே மனை போட்டுவிட்டால் அவள் நிலமும் காய்ந்துவிடும். இத்தனை வருடமாக அந்த வரப்புக்கு அப்பால் இருப்பது வேறு யாருடைய கவலையோ என்றுதான் இருந்தாள்.

"வழி வேணாண்ணா," என்றாள். "அறுத்துக்கிட்டே போங்க. மொதல்ல என்னுது, அடுத்து அம்மாவாச தாத்தாவுது, அந்த வரிசையில இருக்கற துண்டு நெலம் பூரா. அப்படியே உங்க வயலுக்கு வண்டி வந்துடும். நெல்லும் வீணாவாது."

அவர் தயங்கினார். மெஷின் நாளை சாயந்திரம் வேறு ஊருக்குப் போகிறது. துண்டு நிலங்களில் வண்டியைத் திருப்பித் திருப்பி அறுத்தால் நேரம் பிடிக்கும். அவருடைய வயலில் கொஞ்சம் அறுபடாமல் நின்றுபோகலாம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சரிம்மா. காலையில வந்துடு," என்றார்.

விடிந்ததும் வண்டி இறங்கியது. கமலவேணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். துண்டு நிலங்கள் முடிந்து வெற்றிச்செல்வன் வயலுக்குள் மெஷின் நுழையும்போதே கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் வேகவேகமாக அறுத்துக் கொட்டியதில், சாயந்திரம் அவருடைய நெல் களத்தில் மலையாகக் குவிந்திருந்தது. மூடுவதற்கு அவரும் மனைவி அமுதவல்லியும் மட்டும்தான். முதல் தூறல் விழுந்ததும் இருவரும் தார்ப்பாயை இழுக்கத் திணறினார்கள்.

தன் நெல்லை மூட்டை கட்டி ஏற்றிவிட்ட அம்மாவாசைதான் முதலில் ஓடினார். பின்னாலேயே கமலவேணியும் மற்ற துண்டு நிலக்காரர்களும் கையில் கிடைத்த படுதா, சாக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மூடி, காற்றில் பறக்காமல் கல்லை வைத்தார்கள். மழை கொட்டியபோது குவியலில் ஒரு நெல்மணிகூட நனையவில்லை. வயலின் கடைசி மூலை மட்டும் அறுபடாமல் சாய்ந்து கிடந்தது.

எல்லோரும் மோட்டார் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அம்மாவாசைக்கு அந்த மூலையைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "எங்களாலதான் அது நின்னுபோச்சிப்பா," என்றார்.

வெற்றிச்செல்வன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க வரலன்னா குமிச்சதெல்லாம் போயிருக்கும். பெரிய வெவசாயி, சின்ன வெவசாயின்னு நாமளே பிரிஞ்சி நின்னுட்டோம். மழ ரெண்டு பேரு நெல்லையுந்தான் நனைக்குது. தனித்தனியா நின்னா ஒருத்தர் பின்னால ஒருத்தரா நெலத்த வித்துட்டுப் போவ வேண்டியதுதான். சேந்து நின்னாத்தான் எல்லாரும் பயிர் வைக்க முடியும்."

"அடுத்த தடவ மெஷின் சொல்றப்ப எனக்கும் ஒரு போன் போடுங்கண்ணா," என்றாள் கமலவேணி.

"போடறேன். மறந்துட்டன்னா நீ போடும்மா. பக்கத்து நெலக்காரன்கிட்ட கேக்கறதுல கொறச்சல் ஒண்ணுமில்ல. கேக்காம இருந்துதான் இத்தினி வருசம் ரெண்டு பேரும் நஷ்டப்பட்டோம்."