ஐந்தாவது ஆள்

நற்கருணை நேரத்தில் அந்த வீட்டில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்கவில்லை. வாசலில் பதித்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பித்தளை முத்திரையை மிதிக்கக்கூடாது, மிதித்தவர் பட்டம் பெறமாட்டார் என்ற வழக்கத்தை மட்டும் முதல் நாளே புதிய மாணவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கடிதம் கொண்டுவரும் தபாற்காரர்கூட அதைச் சுற்றித்தான் நடப்பார். ஆனால் நற்கருணை பற்றிய விதி சொல்லப்படாதது. திருப்பலியில் குருவானவர் பீடத்தை விட்டு இறங்கி வந்து நின்றதும் வரிசை வரிசையாக எல்லோரும் எழுவார்கள். கத்தோலிக்கர் அப்பத்தைப் பெற்றுக்கொள்வார்கள். புரட்டஸ்தாந்தர், யூதர், எதையும் நம்பாதவர் ஆகியோர் கைகளை மார்பின் குறுக்கே மடித்து ஆசீர் மட்டும் பெற்றுத் திரும்புவார்கள். எப்படித் திரும்பினாலும், எழுந்து போய்த்தான் திரும்ப வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் லக்ஷனாவும் அப்படித்தான் எழுந்தாள்.

வீடு என்பது லொசான் நகருக்கு மேலே, திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் சரிவில், ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம். ஒகையோ மாநிலத்தின் புனித பிரெண்டன் பல்கலைக்கழகம் அதைத் தன் ஐரோப்பிய நிலையமாக வைத்திருந்தது. ஆண்டுதோறும் அறுபது அமெரிக்க மாணவர்கள் வந்து தங்கிப் படித்துவிட்டுப் போவார்கள். ஒன்பது ஆசிரியர்களில் ஒருத்தியான லக்ஷனா நவீன இலக்கியத் திறனாய்வு கற்பித்தாள். அவள் பக்கத்து ஊரான ரெனானில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் மட்டக்களப்பிலிருந்து அகதிகளாக வந்த சைவர்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த செப்டெம்பரில், கல்வியாண்டின் தொடக்கமாகத் தூய ஆவியின் திருப்பலி நடந்தது. ஐரோப்பாவின் பழைய கல்லூரிகளிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் அடையாளமாகவே ஆகி, பிறகு இந்த நிலையத்தோடு மறுபடி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த வழக்கம் அது. லக்ஷனாவுக்குத் தேவாலயம் புதிதன்று. சிறுவயதில் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் அவளை ஐன்சீடெல்ன் மாதா ஆலயத்துக்குக் கூட்டிப்போவார்கள். கறுப்பு மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து புளிச்சோறு சாப்பிடுவார்கள். ஆனால் திருப்பலியில் அவர்கள் நின்றதில்லை. ஆகவே வரிசை நகர்ந்து அவளைக் குருவானவர் ஃபாதர் ஹென்னெசியின் முன் கொண்டுபோய் நிறுத்தியபோது, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டினாள். முன்னால் நின்றவர் சொன்ன சொல்லைத் தானும் சொன்னாள். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாவால் அதை விடுவிப்பதற்குள் இருக்கைக்குத் திரும்பியிருந்தாள்.

தான் வாங்கியது என்ன என்பதை அந்த வாரமே படித்து அறிந்தாள். அது பிரசாதமன்று, நம்புகிறவர்களுக்கு அது கடவுளின் உடல். தவறு என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டிருந்தபோதே, நிலையத்தின் இயக்குநர் டாக்டர் டெலேனி மதிய உணவில் அவளுக்கு எதிரே வந்து அமர்ந்து, "எங்கள் குடும்பத்தில் ஒருவர் கூடியதில் ஃபாதர் ஹென்னெசிக்கு மிகவும் மகிழ்ச்சி" என்றார். குடும்பம் என்றால் பணியாளர் குழு என்று எடுத்துக்கொண்டு அவள் புன்னகைத்தாள். அடுத்த மாதம், முதல் வெள்ளிதோறும் நடக்கும் திருப்பலியில், கைகளைக் குறுக்கே மடிக்கலாம் என்ற எண்ணத்தோடு வரிசையில் நின்றாள். அவள் நெருங்குவதற்கு முன்பே ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். அந்த முகத்தை மறுக்க அவளால் முடியவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் அதற்கு முந்திய மாதத்தையும் சேர்த்து மறுக்க வேண்டியிருந்தது.

யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்காமலிருப்பதே புனித பிரெண்டனின் பெருமை. 1853 இல், கால்வாய் வெட்டிய அயர்லாந்துக் கூலிகளின் பிள்ளைகளை எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், ஓர் ஆயர் தானியக் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கதவைத் திறந்து வைத்தாராம். வந்தவர்களிடம் பெயரைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையாம். நிறுவனர் நாளில் இந்தக் கதையை ஆண்டுதோறும் சொல்வார்கள். லக்ஷனா அதைத் தன் வகுப்பில் பாடமாகவே வைத்திருந்தாள். ஒரு நிறுவனம் தன் பிறப்பைச் சொல்லும்போது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று மாணவர்களைத் தேடச் சொல்வாள். கதவருகே வராமலே போனவர்கள் யார், களஞ்சியத்தில் சமைத்த கன்னியரின் பெயர்கள் எங்கே என்று அவர்கள் தேடுவார்கள். ஒருவரிடம் எதையும் கேட்காமலிருப்பது, அவர் பதில் சொல்லக்கூடிய ஒரே இடத்தையும் எடுத்துவிடுவதாக இருக்கலாம் என்பதை மட்டும் அவள் வகுப்பில் சொன்னதில்லை.

இந்த ஆண்டு அவளுடைய பணி நிரந்தரமாக வேண்டும். அதை முடிவுசெய்ய ஒகையோவிலிருந்து மூவர் கொண்ட ஆணையம், செப்டெம்பர் திருப்பலிக்கு முதல் நாள் வருவதாக இருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை அவள் நூலகத்துக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் ஜதுஷன் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மன்னார்க் குடும்பம், கத்தோலிக்கன், அவனுடைய பெரியம்மாவும் லக்ஷனாவின் தாயாரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள்.

"அக்கா, உங்கட ஞானஸ்நானப் பெயர் என்ன?"

"விசர்க்கதை கதையாத."

"இல்லை, கொமிஷன்காரர் கேட்டால் நானும் அதே பெயரைச் சொல்லவேணுமெல்லோ. எலிசபெத் எண்டு வைப்பமோ? உங்கட முகத்துக்கு அது சரிவராது. பிலோமினா?"

"ஜதுஷன்."

"சரி, சரி. இதைப் பாருங்கோ." தாளைத் திருப்பினான். ஆணையத்துக்காகத் தயாரித்த ஆசிரியர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சமயம். அவளுடைய பெயருக்கு எதிரே 'ரோமன் கத்தோலிக்கம்' என்று அச்சிட்டிருந்தது. "ஒன்பது பேரில அஞ்சு. நீங்கள்தான் அஞ்சாவது ஆள். எட்டாம் நாள் ஞானஸ்நானம் எடுத்தவன் நான், என்னைச் சேர்க்கேல்லை. லைப்ரரிக்காரன் ஆசிரியரில்லையாம். மட்டக்களப்புச் சைவம் வந்து திருச்சபையைத் தாங்கிக்கொண்டு நிக்குது."

அந்த ஐந்தின் பொருள் அவளுக்குத் தெரியும். அதையும் அவள் பாடமாக நடத்துகிறவள். 1967 இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர் விஸ்கான்சினில் கூடி, தங்கள் நிறுவனங்கள் வெளி அதிகாரம் எதற்கும் கட்டுப்படாத தன்னாட்சி உடையவையாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 1990 இல் பாப்பரசரின் ஆணை வந்தது: கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக்கூடாது. இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லும்போது, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியில் தானே நிற்பதாக அவள் ஒருபோதும் எண்ணியதில்லை.

"இதை ஆர் நிரப்பினது? நான் படிவத்தில அந்த இடத்தை வெறுமையாத்தான் விட்டனான்."

"வெறுமையா விட்டால் ஆரோ நிரப்புவினம்." அவன் தாளை மடித்தான். கேலி அவன் குரலிலிருந்து இறங்கியிருந்தது. "அக்கா, ஒண்டு சொல்லட்டோ? தெரியாமல் வாங்கினது வேற. தெரிஞ்சு வாங்கிறது வேற. நான் பூசைக்கே ஒழுங்காப் போறதில்லை. எண்டாலும் நீங்கள் வாங்கேக்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்."

"முந்தியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லையே."

மாலையில் ரெனானில், சமையலறை மேசையில் தாயார் கஜலக்சுமி முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கையில், லக்ஷனா முதன்முறையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கஜலக்சுமி இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பத்தைத்தானே திண்டாய், ஆரையும் கடிச்சனியோ?"

"அம்மா, அது அவைக்குச் சாமி."

"சாமியெண்டால் இன்னும் நல்லம்தானே. வேண்டாமெண்டு சொல்லுறதுதான் பிழை." ஒரு காம்பைக் கையில் பிடித்தபடி நிறுத்தினார். "நான் வேலை செய்யிற இடத்தில மதாம் ஒராள் என்னை மரியா எண்டுதான் கூப்பிடும். பதினேழு வருஷமா. முதல்ல ரெண்டு தரம் திருத்திப் பாத்தன். பிறகு மரியா எண்டால் நான் திரும்பிப் பாக்கிறன். என்ன குறைஞ்சு போச்சு?"

லக்ஷனா ஒரு கிளையைத் தன் பக்கம் இழுத்து இலை உருவத் தொடங்கினாள்.

"வேலையை மட்டும் விட்டுடாத, புள்ள" என்றார் கஜலக்சுமி. பிறகு, ஒரு பிடி இலை உருவி முடித்த பின், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "அந்த மனுசி செத்தால், என்ர பெயர் என்னெண்டு அவக்குத் தெரியாமலே செத்துப்போகும்."

திருப்பலிக்கு முதல் நாள் பிற்பகல் லக்ஷனா இயக்குநரின் அறைக்குப் போனாள். சாளரத்துக்கு அப்பால் லெமான் ஏரி வெளிறிக் கிடந்தது. டாக்டர் டெலேனி எழுந்து நின்று அவளை வரவேற்றார். எல்லோரையும் அப்படித்தான் வரவேற்பார். அவள் அமரவில்லை.

"டாக்டர் டெலேனி, நான் கத்தோலிக்கர் அல்ல. எப்போதுமே இல்லை. முதல் நாள் நடந்தது தவறு. அதற்குப் பிறகு நடந்தது கோழைத்தனம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதிர்ச்சியைத்தான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள். அது அவர் முகத்தில் இல்லை.

"உங்கள் வலது கை மேலே இருந்தது" என்றார். "நாங்கள் இடது கையில் வாங்கி வலது கையால் எடுத்து உண்போம். அன்று உங்களுக்குப் பின்னால் நின்றவன் நான்."

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் என்று சொல்லமாட்டேன். கேட்கவில்லை. இந்த வீட்டில் நாங்கள் கேட்பதில்லை."

"பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள்."

"கண்ணால் கண்டதை எழுதினேன். வேறு எதை எழுதுவது?" அவர் குரலில் வஞ்சகம் இல்லை, களைப்பும் ஒருவிதக் கனிவும் இருந்தன. "லக்ஷனா, நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பட்டியலைத் திருத்தினால் இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேடச் சொல்வார்கள். உங்களைவிடக் குறைவாகப் படித்த, சரியான கையை நீட்டுகிற ஒருவரை. அதனால் யாருக்கு என்ன நன்மை?"

"கைகளைக் குறுக்கே மடித்துக்கொண்டு வந்தால்?"

"முதல் வரிசையில் ஆணையத்தினர் இருப்பார்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கும்." கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். "விரும்பினால் வரும் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறலாம். விரும்பாவிட்டால் அதுவும் வேண்டாம். நாளைக்கு எழுந்து நடந்து வாருங்கள், அது போதும். நடந்து வருகிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை."

பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நாளை விவிலியத்திலிருந்து முதல் வாசகம் உங்களுடையது. உங்கள் உச்சரிப்பு எங்கள் எல்லோருடையதையும்விடத் தெளிவு."

லக்ஷனா தாளை வாங்கி, நன்றி சொல்லி, வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் அந்த நன்றி அவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லத்தான் போனாள்; சொல்லியும் விட்டாள். அது ஒரு நாற்காலியைக்கூட அசைக்கவில்லை. இத்தனை நாளும் தன் மௌனமே தன்னை அடைத்து வைத்திருக்கிறது என்று எண்ணியிருந்தாள். பேசினாலும் கதவு திறப்பதில்லை என்று இப்போது தெரிந்தது. அந்த அறையில் சொன்னதை அந்த அறை விழுங்கிவிட்டது. நாளை அவள் நடந்தால், தெரியாமல் நடந்தவள் என்ற சாக்கும் இல்லாமல், ஒப்புக்கொண்டு நடந்தவளாவாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிற்றாலயம் நிறைந்திருந்தது. தூய ஆவியின் திருப்பலிக்குரிய சிவப்பு அங்கியில் ஃபாதர் ஹென்னெசி வழக்கத்தைவிட முதியவராகத் தெரிந்தார். ஆணையத்தினர் மூவரும் டாக்டர் டெலேனியும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். வாசகம் வாசிப்பவர் எளிதில் எழுந்து போவதற்காக லக்ஷனாவை இரண்டாம் வரிசையின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி அமர்த்தியிருந்தார்கள். அவள் அமர்ந்திருந்த வாங்கின் மறுமுனை சுவரோடு முட்டி நின்றது. அவளுக்கு உட்புறமாகப் பிரெஞ்சு கற்பிக்கும் மதாம் ரொஷாவும் வேறு நான்கு ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அவள் வாசித்தாள். பின்வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆணையத்தின் பெண் உறுப்பினர் தலையசைத்து ஆமோதித்தார்.

நற்கருணை நேரம் வந்தது. முதல் வரிசை எழுந்தது, நடந்தது, ஒவ்வொருவராகத் திரும்பி வந்து முழந்தாளிட்டது. அடுத்தது இரண்டாம் வரிசை. மதாம் ரொஷா ஏற்கெனவே எழுந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துவிட்டார். அவருக்கு அப்பால் நால்வரும் எழுந்தார்கள். வழியை அடைத்தபடி லக்ஷனா அமர்ந்திருந்தாள். குறுக்கே மடித்த கைகளோடு போகலாம் என்று இரவெல்லாம் எண்ணியிருந்தாள்; அதிலும் உண்மை இருந்தது. ஆனால் அதற்கும் எழ வேண்டும். தன்னை எழுப்பி நடத்துவது எது என்று கேட்காமல் இன்னொரு முறை எழுவதற்குத் தன் கால்கள் ஒப்பவில்லை என்பதை அந்தக் கணத்தில்தான் கண்டாள்.

ஃபாதர் ஹென்னெசி அப்பத்தை உயர்த்திப் பிடித்து, அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். நடைபாதை வெறுமையாக இருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஐந்து பேர் நின்றபடி காத்திருந்தார்கள். ஒருவர்கூட அவளைத் தாண்டிப் போக முயலவில்லை.

மதாம் ரொஷா குனிந்தார். "உடம்புக்கு ஏதாவதா?"

நான்கு ஆண்டுகளில் அந்த வீட்டில் அவளிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது என்று லக்ஷனாவுக்குத் தோன்றியது.

"இல்லை, நலமாக இருக்கிறேன்" என்றாள். வாசகம் வாசித்த அதே குரலில், முதல் வரிசைக்கும் பீடத்துக்கும் கேட்கும்படியாகத்தான் அதைச் சொன்னாள். "நான் கத்தோலிக்கர் இல்லை, மதாம். இந்துப் பெண். அந்தப் பட்டியலில் இருப்பது தவறு."

முதல் வரிசையில் தலைகள் திரும்பின. டாக்டர் டெலேனியின் தலை மட்டும் திரும்பவில்லை.

லக்ஷனா முழங்கால்களை ஒருபுறமாக ஒதுக்கி வழி விட்டாள். "நீங்கள் போங்கள். நான் இருக்கிறேன்."