பச்சைத் துணி கட்டிய சுரைக்காய்

1

“ஒரு வூட்டு வெதைய அவிச்சித் தின்னுட்டு, ருசி இல்லன்னு வேற சொல்லுவீங்களாக்கா?”

“யாருடி சொன்னது ருசி இல்லன்னு? பேரச் சொல்லு!”

“பேரு எதுக்கு? காயி எங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, நடுவிலிருந்து. பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. கொடியில் காய்ந்த துணியை எடுக்க மதிலோரம் போயிருந்தேன். மொத்தம் நாலு துணி. எடுக்க அரை மணி நேரம் ஆனது. துணி எடுப்பதில் நான் கொஞ்சம் நிதானம்.

“யாருடி சொன்னது” என்றவள் பக்கத்து வீட்டு அம்சவல்லி. “காயி எங்க” என்றவள் துர்காதேவி. கம்மாபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ஒண்டியாகக் காய்கறி போடுகிறவள்.

[முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன். ‘மணிமுத்தாற்றங்கரையில் வைகறைப் பொழுதின் இளங்காற்று’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. வைகறையில் நான் எழுந்ததும் இல்லை.]

2

சண்டை புரிய வேண்டுமென்றால் பை புரிய வேண்டும்.

எங்கள் தெருவில் பத்து வீடுகள் துர்காதேவியிடம் விதைப்புப் பட்டத்துக்கு முன்பே பணம் கட்டிவிடும். சனிக்கிழமைதோறும் பாண்டியன் தன் லோடு ஆட்டோவில் பத்துத் துணிப்பைகளைக் கொண்டுவந்து இறக்குவான். ‘பங்குப் பை’ என்று பெயர். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்கக் கூடாது. வயல் கொடுத்தது வரும். தை மாதத்தில் மொச்சையும் கத்தரியும் வந்தால் தெரு முழுக்கக் கருவாட்டுக் குழம்பு. மாசியில் முள்ளங்கி வந்துகொண்டே இருந்ததில் தெருக்கோடி வேல்விழி வீட்டுக்காரர் சாம்பாரைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார். கொத்தவரங்காய் வந்த வாரம் பத்து வீட்டிலும் ஒரே பொரியல், ஒரே முகம்.

பைகள் இறங்குவது அம்சவல்லி வீட்டு கேட்டில். ஏனென்றால் உழவர் சந்தையில் துர்காதேவியைக் கண்டுபிடித்துப் பேசி, பத்து வீட்டையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். சனிக்கிழமை காலை பத்துப் பெண்களும் அந்த கேட்டில் நின்று, “எனக்குப் பீர்க்கங்கா வேணாம், ஒனக்குக் கீர வேணுமா?” என்று மாற்றிக்கொள்வார்கள். அம்சவல்லிக்கு அந்த ஒரு மணி நேரம் திருவிழா. டீ போட்டுப் போட்டு அவள் வீட்டுப் பால் தீரும்.

எந்தப் பை எந்த வீட்டுக்கு என்று தெரிய, பையின் காதில் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருக்கும். வேல்விழிக்குச் சிவப்பு. அம்சவல்லிக்குப் பச்சை, துர்காதேவியின் பழைய புடவை ஒன்றிலிருந்து கிழித்தது.

இந்தப் பச்சையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் தொங்குகிறது.

3

வருடத்துக்கு ஒரு நாள் பத்து வீட்டாரும் வயலுக்குப் போய் அவரவரே காய் பறிக்கலாம். இந்தச் சண்டைக்குச் சில நாள் முன்பு, அதே பங்குனியில் போனார்கள். (நான் போகவில்லை. நான் பங்கில் இல்லை. கேட்காமலே காய் வந்து சேரும் இடத்தில் வீடு இருக்கும்போது பணம் எதற்கு?)

இங்கே அம்சவல்லியின் கணவர் கலியமூர்த்தியைக் கொண்டுவர வேண்டும். இந்த ஆளிடம்தான் என் பேனா தயங்குகிறது. இருபத்தாறு வருடம் செராமிக் யூனிட்டில் சூளை பார்த்தவர். தீயின் நிறத்தை வைத்தே சூடு சொல்லுவார். அப்படிப்பட்டவர் இப்படி ஒரு காரியம் செய்வாரா என்று நீங்கள் கேட்பீர்கள். செய்தார். நான் என்ன செய்ய?

பந்தலின் கோடியில் ஒரே ஒரு சுரைக்காய் தொங்கியது. வளைந்த கொக்குக் கழுத்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. காம்பில் பச்சைத் துணி.

“அம்சா, பாத்தியா! நம்ம வூட்டுக்குன்னே துணி கட்டி வெச்சிருக்குது அந்தப் பொண்ணு” என்றார். அறுத்தார்.

துர்காதேவி அதை விதைக்கு விட்டிருந்தாள். இரண்டு விட்டதில் ஒன்றை மயில் கொத்திவிட்டது. மிச்சம் இந்த ஒன்று. யாரும் தொடக் கூடாது என்பதற்காகவே, கைக்குக் கிடைத்த புடவைக் கிழிசலை அதில் கட்டியிருந்தாள். பைக்குக் கிழித்த அதே புடவை.

முற்றிய காய். அம்சவல்லியின் அரிவாள்மனை அதில் பட்டு வழுக்கியது.

“ஏங்க, இது காயா கல்லா?”

“தள்ளு, நான் பாக்குறேன்.”

கலியமூர்த்தி பைப்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்தார். அரை மணியில் காய் இரண்டானது. ஒரு பாதி குக்கரில் ஏறியது.

“எத்தன விசிலுங்க?”

“எட்டு வுடு. பீங்கானே வேவுது, சொரக்கா வேவாதா?”

பன்னிரண்டாவது விசிலில் குக்கரின் கைப்பிடிதான் இளகியது. காய் வேகவில்லை. அந்தப் பாதியிலிருந்த விதைகள் குழம்போடு குழம்பாகச் செத்தன. இன்னொரு பாதியை அம்சவல்லி [ஒரு வீட்டில்] கொடுத்துவிட்டாள்.

4

துர்காதேவி அன்று சனிக்கிழமை கேட்டில் நின்று கடைசியாகச் சொன்னது இது:

“அந்த ஒரு காயிதான்க்கா எனக்கு வெத. வேற எங்கியும் இந்த ரகம் கெடையாது, நாலு ஊரு தேடிட்டேன். வெத வந்தா ஒங்களுக்குப் பையி வரும். இல்லன்னா ஒங்க வூட்டுக்குப் பையி இல்ல.”

“நீ அதே துணியக் கட்டுனது தப்பில்லியா?” என்று அம்சவல்லி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் ஒன்பது பைகள் வேல்விழி வீட்டு கேட்டில் இறங்கின. அம்சவல்லி தன் கேட்டில் நின்று, தெருக்கோடியில் ஒன்பது பெண்கள் பீர்க்கங்காயை மாற்றிக்கொள்வதைப் பார்த்தாள். யாராவது திரும்பிப் பார்த்தால் கோலப்பொடி டப்பாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். (அவள் மனசு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மதில் நாலரை அடிதான்.) கடைக்குப் போனால் “என்ன காய்க்கா வேணும்?” என்று கேட்கிறார்கள். மூன்று வருடமாக அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லத் தெரியாமல் தினமும் உருளைக்கிழங்கு வாங்கினாள்.

“அம்சா, இன்னிக்கும் உருளக்கெழங்கா?” என்றார் கலியமூர்த்தி.

“ரம்பம் எடுத்தாரட்டுமா?” என்றாள்.

அவர் இன்னொரு கரண்டி கிழங்கு போட்டுக்கொண்டார்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும். அதற்குள் விதை கிடைக்காவிட்டால் அந்த ரகம் போயிற்று, பை போயிற்று, சனிக்கிழமை போயிற்று. இதுதான் அம்சவல்லியின் கவலை. என் கவலை…

[அதைப் பிறகு சொல்கிறேன்.]

5

சரி, சொல்லிவிடுகிறேன்.*

* அடிக்குறிப்பாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் நட்சத்திரம் போட்டேன். நீங்கள் படிக்கிறீர்கள். அந்த [ஒரு வீடு] என் வீடு. “பானுக்கா, இந்தாங்க, ஒங்க பல்லு எப்டின்னு பாக்கலாம்” என்று மதிலுக்கு மேலே அந்தப் பாதியை நீட்டினாள் அம்சவல்லி. பிறகு சிரித்துக்கொண்டே, “சப்புன்னு இருக்குதுக்கா, மண்ணாங்கட்டியாட்டம்” என்றாள். அதை நான் பாண்டியனிடம் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். பைகளை இறக்கிவிட்டு நின்றான், சும்மா நிற்கிறானே என்று சொன்னேன். அவன் துர்காதேவியிடம் சொன்னான். அதுவரை அவள் இரண்டாவது காயையும் மயில்தான் கொத்திப்போட்டது என்று மயிலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

என் பாதி என்னவானது? என் கத்தியும் இறங்கவில்லை. கொல்லையில் கழுநீர் ஊற்றும் இடத்தில் வீசினேன். பத்து நாளில் முளைத்தது. பிடுங்கவில்லை. சோம்பல்தான், வேறு உயர்ந்த காரணம் தேடாதீர்கள்.

வைகாசியில் கொடி மதில் ஏறியது. ஏறியது என் பக்கம், காய்த்தது அம்சவல்லி பக்கம். கொக்குக் கழுத்து, வெள்ளைப் புள்ளி.

“பானுக்கா! இது எங்கேருந்து வந்துச்சு?”

“தானா மொளச்சதுடி.”

அம்சவல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைச் சரியாக எழுத நாலு முறை முயன்றேன். ‘கூர்மையான’ பொருந்தவில்லை. ‘நன்றி கலந்த’ பொய். விட்டுவிட்டேன்.

உள்ளே போய்ப் பழைய பையின் காதிலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்துவந்து காம்பில் கட்டினாள். “ஏங்க, இங்க வாங்க. இது நம்ம வூட்டுக்குன்னு கட்னது இல்ல. புரியுதா?” கலியமூர்த்தி அன்றிலிருந்து அந்த மதில் பக்கம் பல் விளக்கக்கூடப் போகவில்லை. அம்சவல்லி தினமும் அரிசி களைந்த தண்ணீரைச் சொம்பில் மதிலுக்கு மேலே நீட்டுவாள். நான் வாங்கி வேரில் ஊற்றுவேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது பெரிய தண்டனை.

6

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், காய்ந்து ஓடாகிப் போன சுரைக்காயை மடியில் வைத்துக்கொண்டு அம்சவல்லி கம்மாபுரம் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர், “அதுக்கு டிக்கெட்டு வேணாம்மா, கீழ வைய்யி” என்றாராம். அவள் வைக்கவில்லை.

வயலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே மதில் இல்லை. ஆகவே மூன்று முடிவுகள்.

அம்சவல்லி சொன்னது: துர்காதேவி காயை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே விதை கலகலத்தது. “அக்கா, துணிய நான் மாத்திக் கட்டிருக்கணும்” என்றாள். “நான் கேட்டுட்டு அறுத்திருக்கணும்” என்றாள் இவள்.

பாண்டியன் சொன்னது: அதெல்லாம் ஒன்றும் இல்லை. “இத எந்த ரம்பத்தால அறுக்குறது?” என்று துர்காதேவி கேட்க, இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாவது, நான் எழுதியது: துர்காதேவி கேட்கிறாள், “இது எங்க மொளச்சதுக்கா?” அம்சவல்லி வாயைத் திறக்கிறாள். “பானுக்கா…”

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. “தானா மொளச்சது” என்று என்னைக் காப்பாற்றினாளா, இல்லை நான் பாண்டியனிடம் பேசியதுவரை போட்டு உடைத்தாளா?

ஒரு தடயம் தருகிறேன். அடுத்த சனிக்கிழமை பத்துப் பைகள் அம்சவல்லி கேட்டில் இறங்கின. பதினொன்றாவது பை ஒன்றை, மஞ்சள் துணி கட்டி, பாண்டியன் என் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். நான் கேட்கவே இல்லை. திறந்தேன். வாய்வரை பாகற்காய். பாகற்காய் மட்டும்.

வயல் கொடுத்ததுதானே வரும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வேல்விழி பையை எட்டிப் பார்த்தேன். வெண்டை, புடலை, முளைக்கீரை.

துணி கட்டியது என்னைப் பங்கில் சேர்த்ததற்கா, பாகற்காய் போட்டது என் வாய்க்கா? இரண்டுமேவா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எந்த முடிவானாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் சொல்லி அனுப்புங்கள்.

7

பிறகு நடந்தவை.

பாண்டியனும் துர்காதேவியும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று இரண்டு வருடமாகத் தெருவுக்குச் சொல்லிவந்தேன். ஐப்பசியில் அவன் ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பந்திக்குக் காய் துர்காதேவியுடையது. கொக்குக் கழுத்துச் சுரைக்காய்க் கூட்டு, பிஞ்சில் பறித்தது, இரண்டே விசில். பரிமாறும்போது எனக்கு மட்டும் இரண்டு கரண்டி வைத்தாள். துர்காதேவிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை; ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

தை பிறந்ததும் கலியமூர்த்தி சூளை வேலையை விட்டார். மகள் பூர்ணிமாவுக்கு மங்கலம்பேட்டையில் டீச்சர் வேலை கிடைக்க, மூன்று பேரும் அங்கே குடிபோனார்கள். பச்சைத் துணி கட்டிய ஒரு பைக்காக லோடு ஆட்டோ சனிக்கிழமைதோறும் அவ்வளவு தூரம் போகிறது. தெருவின் பைகள் இப்போது என் கேட்டில் இறங்குகின்றன. டீ நான் போடுகிறேன்.

அந்தப் பாகற்காயையா கேட்கிறீர்கள்? புளியும் வெல்லமும் போட்டுக் குழம்பு வைத்தேன். ருசி எப்படி இருந்தது என்று பாண்டியன் மூன்று முறை கேட்டுவிட்டான்.

நான் வாயே திறக்கவில்லை.