வாத்து இடம்பெறாத பட்டியல்

முதலாளியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. முதலாளி என்பது நாயின் பெயர். வாசலில் குறுக்கே படுத்து, வருவோரை ஏற இறங்கப் பார்த்த பின்னரே வழிவிடும் அதன் தோரணையைக் கண்டு பாப்பா இட்ட பெயர் அது. பெயரிட்டவள் பன்னிரண்டு வயதில் கண்மூடி, ஓராண்டும் இரண்டு மாதங்களும் கடந்திருந்தன.

கால்நடை மருத்துவர் அதன் காதுமடலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"களிம்பு, ஷாம்பு எல்லாம் மேல்பூச்சுதான். இது சாப்பாட்டுனால வர்றது. பாக்கெட் தீவனத்தை இன்னியோட நிறுத்துங்க. இதுவரைக்கும் இது வாயில படாத இறைச்சி ஒண்ணு, கிழங்கு ஒண்ணு. எட்டு வாரம் அது மட்டும்தான். பழகின இறைச்சியோடதான் இதோட உடம்பு சண்டை போடுது. தெரியாததோட போடாது."

"தேறலைன்னா?" என்று கேட்டாள் பாப்பாவின் அம்மா.

"ஆயுசு பூரா ஊசிதான். ஈரல் இருக்கற லட்சணத்துக்கு அதையும் ரொம்ப நாள் தாங்காதும்மா. என்னென்ன தின்னிருக்குன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. முதலாளி என்ன சாப்பிட்டார்னு வேலைக்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அம்மா சிரித்தாள். கண்கள் அச்சிரிப்பில் சேரவில்லை. மகள் விட்டுச்சென்றவற்றுள் மூச்சுவிடுவது அந்த நாய் ஒன்றுதான்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவு குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தையல் இயந்திரத்தின் மேலேயே வைத்து எழுதத் தொடங்கினாள். கணவர் எதிரில் அமர்ந்தார். மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாத்திரை எண்ணித் தருபவர். ஒருவருக்கும் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. நாய்க்கு ஊட்டியவள் பாப்பா ஒருத்தியே ஆதலால், நாய் தின்றதை நினைவுகூர்வது அவளையே நினைவுகூர்வதாயிற்று.

"மீன் எழுதிக்கோ."

"முள்ளெடுத்துக் கொடுப்பா. தனக்குன்னா அந்தப் பொறுமை வராது."

"ஆட்டு ஈரல். முட்டை. பாலாடைக்கட்டி. பென்சில்."

"பென்சிலையுமா எழுதறது?"

"தின்னுச்சே! அதுவும் என் பென்சில்."

"உங்க பென்சில்னாலதான் தோல் வெந்து கிடக்குதோ என்னவோ."

இருவரும் சிரித்தார்கள். பதினான்கு மாதங்களில் அவ்வீட்டில் இருவர் சேர்ந்து சிரித்தது அதுவே முதன்முறை. முப்பத்தொரு பொருள்களை எழுதி முடித்து அவள் பேனாவை நிறுத்தினாள்.

"வாத்து இல்லைங்க இதுல. வாத்து இந்த வீட்டுக்குள்ள வந்ததே பாப்பாவுக்காகத்தானே."

பாப்பாவின் கடைசி நாற்பது நாள்கள் அவை. மெழுகென உருகிக்கொண்டிருந்த உடம்பு எதையும் ஏற்காதிருந்தபோது, செவிலி ஒருத்தி வாத்து சூப் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அம்மா நாள்தோறும் சந்தை திறக்கும் முன்பே போய்க் காத்திருந்து வாங்கி வந்து காய்ச்சினாள். நண்பகலில் கிண்ணம் துடைத்ததுபோல் திரும்பி வந்தது. துக்கம் கேட்க வந்தவர் அனைவரிடமும், "கடைசி வரைக்கும் என் கை சூப்பை மிச்சம் வைக்கலைங்க" என்றாள். அடியார் திருப்பெயரைப் பற்றிக்கொள்வதுபோல் அவள் பற்றிக்கொண்டது அச்சொல்லை.

கணவர் அறிந்தது வேறு. ஒருநாள் மதியம் அவர் வீட்டுக்கு வந்தபோது, மெலிந்த கை ஒன்று கட்டிலிலிருந்து கிண்ணத்தைத் தரைக்கு இறக்கியது. கீழே முதலாளி.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. உள்ளே இறங்க மாட்டேங்குது. கிண்ணம் காலியா இருந்தா அம்மா அன்னிக்கெல்லாம் பாடிக்கிட்டே தைக்கறாங்க."

அவர் சொல்லவில்லை.

"என்னங்க, வாத்துதானே சரி?"

பேனா காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவளிடம் எஞ்சியிருந்த ஒரே ஆறுதலும் போய்விடும்.

"சரிதான்" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் மாற்றிக் கொடுத்த முதல் மருந்து அதுதான்.

வாத்துக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தராசில் நிறுத்து வேகவைக்கப்பட்டன. முதல் நாள் அடுப்பில் மணம் எழுந்ததும் முதலாளி சமையலறைக்கு வரவில்லை. பாப்பாவின் அறைக்குப் போய், வெறுங்கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தது.

"பாருங்களேன், அவளைத் தேடுது!" என்று அம்மா உருகினாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் புண் வயிற்றுக்குப் பரவியது. சொறிந்து சொறிந்து பின்னங்காலின் நகங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. மருத்துவர் பட்டியலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"வாத்து இதுக்குப் புதுசு இல்லை. முன்னாடியே நிறைய தின்னிருக்கு."

"சத்தியமா இல்லைங்க டாக்டர்."

"நான் தோலைப் படிச்சுச் சொல்றேன்மா. இப்படியே விட்டா அடுத்த மாசம் ஊசிக்கும் அடங்காது. அப்புறம் வலியில்லாம அனுப்பி வைக்கறதைப் பத்தித்தான் பேசணும்."

வீடு வந்ததும் அவள் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டத் தொடங்கினாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"டாக்டர் சொன்னது சரி. வாத்து தின்னிருக்கு."

"யாரு கொடுத்தது? கீழ்வீட்டு ஆளுங்களா?"

"பாப்பா."

கத்தரிக்கோல் துணியின் நடுவே நின்றது. அவளுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதை ஒதுக்கித் தள்ள முயன்றதால் இன்னும் சற்று நேரமாயிற்று.

"எத்தனை நாள்?"

பொய்யாக ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். "முதல் நாலு நாள் மட்டும் குடிச்சதா அவளே சொன்னா. மிச்சம் முப்பத்தாறு நாளும் இதுதான்."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் பைத்தியம் மாதிரி பாடிக்கிட்டிருந்தேன். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீங்க."

"நீ பாடறதை அவ கேக்கணும்னு ஆசைப்பட்டா."

அவள் எழுந்து, அடுப்பிலிருந்த பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு தனியாகச் சந்தைக்குப் போய் முயல்கறி வாங்கி வந்தாள். முயல் அந்த வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை.

அன்றுமுதல் வேளை தவறாமல் சமைத்தாள். கிராம் பிசகாமல் நிறுத்தாள். ஆனால் தட்டை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நாயைப் பார்ப்பதில்லை, பெயர் சொல்லி அழைப்பதில்லை. கணவரிடம் பேசியதும் உப்புக்கும் புளிக்குமான சொற்களே. அவர் அதைத் தமக்குரிய தண்டனையாக ஏற்று, இறைவனிடம் நாய்க்காக மட்டும் வேண்டிக்கொண்டார்.

முயல்கறி தொடங்கிய நான்காம் வாரம் கசிவு நின்றது. ஏழாம் வாரம், வெந்த தோலின்மேல் இளம்புல்லென மெல்லிய மயிர் அரும்பியிருந்தது.

அதை முதலில் கண்டவள் அவளே. ஒரு காலைப்பொழுது தட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனவள் குனிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, புதுமயிரின்மேல் இரண்டு விரல்களை வைத்தாள். கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவரின் கைகள் நின்றன.

"எல்லாத்தையும் நீதான் குடிச்சியா?" என்றாள் அதனிடம். குரலில் சினமில்லை. மகளிடம் கேட்டறிய வழியற்றுப்போன ஒன்றை வேறு யாரிடம் கேட்பாள்?

"நல்லா இருந்துச்சாடா? காரம் கீரம் அதிகமாயிடலையே?"

முதலாளி வாலை ஆட்டியது. அவள் குரல் கேட்டாலே ஆடும் வால் அது. அதையே விடையாகக் கொண்டுவிட அவள் முயன்றாள். முடியாமல் அதன் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள்.