கிதகாமிக்கு அனுப்பிய மகள்

தோக்குஜியிடம் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். செர்ரி எப்போது பூக்கும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் கையில் மீன் பை இருந்தால் மீன் கெட்டுப் போகும். மார்ச்சில் விழுந்த பனி, தெற்கில் பூத்த நாள், மொட்டின் நுனி பச்சையா சிவப்பா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் "இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்பார். இதைக் கேட்கவா இவ்வளவு நேரம் நின்றோம் என்று கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

ஜப்பானின் வடக்கில் ஒகுசாவா சின்ன ஊர். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே தோக்குஜிக்கு ஊரில் ஒரு பொறுப்பு உண்டு. கோயில் வளாகத்தில் அடையாள மரம் என்று ஒன்று நிற்கிறது. அதில் ஆறு பூ விரிந்தால்தான் ஊரில் பூக்காலம் தொடங்கியதாகக் கணக்கு. ஊரே பூத்துக் கிடந்தாலும் அந்த மரத்தில் ஐந்துதான் என்றால் காத்திருக்க வேண்டியதுதான். தினமும் காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரயில் நிலைய வாசல் பலகையில் "மொட்டு", "தொடங்கியது", "பாதி", "முழுப் பூ", "உதிர்கிறது" என்ற மரச் சில்லுகளில் ஒன்றை மாட்டுவார். "தொடங்கியது" ஏறிய பிறகுதான் கடைகளில் காகித விளக்கு தொங்கும், சாகே மதுப் பீப்பாய் உடையும். இதற்கு ஒரு யென் கூலி கிடையாது. ஆனால் அன்று ஒரு நாள் ஊர்த் தலைவர்கூட அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் மீதி வருஷத்தையும் ஓட்டினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த ஒரு நாள்தான் மகளையும் அவரிடமிருந்து பிரித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஏப்ரல் கடைசியில், தெற்குக் கோடி ஃபுகுவோக்காவில் கனாயேவுக்குக் கல்யாணம். அந்த வருஷம் குளிர் நீண்டு, மரம் கல்யாண வாரத்தில்தான் பூக்கும் என்று ஆயிற்று. "நான் இல்லாட்டி யார் பாக்கறது?" என்று சொல்லி மனைவி ஃபுசாயேவை மட்டும் விமானத்தில் ஏற்றிவிட்டார் தோக்குஜி. கல்யாணப் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அந்தப் படத்தை ஃபுசாயே வேண்டுமென்றே சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தாள். அவரும் வேண்டுமென்றே அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

கனாயே சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள், அப்பா பிறந்தநாளுக்குத் தேயிலை அனுப்பினாள், வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஃபுசாயேதான் வருஷம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். தோக்குஜிதான் எடுத்தார். "அம்மாகிட்டக் குடுங்க" என்று சொல்வாள் என எதிர்பார்த்து, "இரு, கூப்பிடறேன்" என்றார்.

"இல்லப்பா. உங்ககிட்டதான் கேக்கணும்."

அவர் நிமிர்ந்து நின்றார்.

"இந்த மாசம் பாதியில மூணு நாள் லீவு கிடைச்சிருக்கு. அவருக்கு வேலை, நான் மட்டும்தான். அப்ப அங்க பூ இருக்குமாப்பா?"

எங்கள் பக்கத்தில் யாரும் "உன்னைப் பார்க்க வருகிறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்று பயம். பனி போச்சா, பூ வந்தாச்சா, அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு என்றுதான் தொடங்குவோம். கேட்கிறவரும் புரிந்துகொண்டு, "இருக்கு, இருக்கு, வா" என்பார். பூ இருக்கிறதா இல்லையா என்பதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பூவைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் தோக்குஜிக்கு மற்ற எல்லாம் மறந்துவிடும்.

"மாசப் பாதியிலயா? இருக்காதும்மா. இங்க அப்பக்கூட மொட்டுதான். இங்க வந்தா ஏமாந்துடுவே. நீ கிதகாமிக்குப் போ. அது நமக்குத் தெக்க இருக்கு, தாழ்ந்த இடம், ஆத்தங்கரை. அந்த மூணு நாளும் அங்க முழுப் பூவா நிக்கும், எழுதி வச்சுக்கோ. ரூம் கிடைக்கறது கஷ்டம். ஆனா அங்க எனக்குத் தெரிஞ்ச விடுதி ஒண்ணு இருக்கு, நானே சொல்லி வைக்கறேன்."

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது.

"சரிப்பா," என்றாள். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

தோக்குஜிக்குக் கால் தரையில் படவில்லை. ஒன்பது வருஷம் கழித்து மகள் தன்னிடம் ஒன்று கேட்டு, தான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாளே! அந்தச் சூட்டோடு விடுதிக்குப் போன் செய்து, ஆற்றைப் பார்த்த அறையாகச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

ஃபுசாயே கத்தியைப் பலகையில் வைத்தாள். "திரும்பச் சொல்லுங்க."

"கிதகாமிக்குப் போகச் சொன்னேன். அங்கதான் சரியான..."

"ஒம்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வரலாமான்னு கேட்ட பொண்ணை, ஊரான் ஊருக்குப் போகச் சொல்லியிருக்கீங்க. அதுல ரூம் வேற!"

"அவ பூவைப் பத்தித்தானே கேட்டா?"

"பூவா? ஃபுகுவோக்காவுல பூ இல்லியா? அவ வீட்டுக்கு எதிர்லயே ரெண்டு மரம் இருக்கு, நான் என் கண்ணால பாத்திருக்கேன். விமானம் ஏறி இவ்வளவு தூரம் வர்றவ உங்க மொட்டை எண்ணவா வர்றா?"

தோக்குஜியின் முகம் சுண்டிப் போயிற்று. "நீ போன் பண்ணிச் சொல்லேன்," என்றார்.

"மாட்டேன். கல்யாணத்துக்கு உங்களுக்காக நான் பல்லைக் காட்டிட்டு நின்னது போதும். இது நீங்க பண்ணினது."

பிறகு வந்த நாட்களில் அவர் எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தார். எடுத்தால் என்ன சொல்வது? கிதகாமி வேண்டாம், இங்கே வா என்றால், ஏன் என்பாள். பூ இல்லாத ஊருக்கு எதற்கு என்பாள். அதற்கு ஒரு பதில் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒருவேளை அவள் மரியாதையாக, "பரவால்லப்பா, டிக்கெட் எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டால்? அந்த மரியாதைக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். போனைக் கீழே வைத்துவிட்டு மரத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

கனாயே கிதகாமியில் இறங்கிய அன்று சாயங்காலம் தெற்கிலிருந்து வெதுவெதுவென்று காற்று கிளம்பியது. ஏப்ரல் நடுவில் ஒகுசாவாவில் அப்படி ஒரு காற்றை யாரும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் தோக்குஜி கோயிலுக்குப் போனபோது ஊர்த் தலைவரும், சலவைக்கடை ஹெய்ஸ்கேயும், இன்னும் நாலைந்து பேரும் அவருக்கு முன்பே அங்கே நின்றார்கள். அடையாள மரத்தில் மொட்டுகள் வெடிக்கிற பதத்தில் இருந்தன. நாலு பூ விரிந்துவிட்டது. வெயில் ஏறினால் மீதி இரண்டும் வந்துவிடும்.

"அண்ணே, இந்த வருஷம் நம்ம மரம் உங்களையே ஏமாத்திடுச்சே!" என்று சிரித்தான் ஹெய்ஸ்கே. "நேத்துகூட மாசக் கடைசின்னீங்க!"

ஊர்த் தலைவர் பீப்பாயை எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டார். தோக்குஜி கிளைக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். வழக்கமாக இந்த நிமிஷத்தில் அவருக்கு மார்பு நிமிர்ந்துவிடும். இன்றைக்கு நிமிரவில்லை. இதே இடத்தில், இதே மாதிரி, ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கனாயே அந்த நேரம் கல்யாண உடையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அப்பா கடைசி நிமிஷத்திலாவது வருவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்ததை ஃபுசாயே ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதுமாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து "தொடங்கியது" சில்லை எடுத்து ஹெய்ஸ்கேயின் கையில் வைத்தார்.

"ஆறு வந்ததும் நீயே மாட்டிடு."

"நானா? அண்ணே, எங்க போறீங்க? இன்னும் ரெண்டே ரெண்டு பூ!"

"அது தானா விரியும். நான் நின்னாத்தான் விரியும்னு ஒண்ணும் இல்ல."

"பாதி விரிஞ்சதை எண்ணலாமா, கூடாதா? அதையாவது சொல்லிட்டுப் போங்கண்ணே!"

தோக்குஜி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலைக்காலணியோடேயே நிலையத்துக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த ரயிலில் ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான், ஃபுசாயேவிடம்கூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

கிதகாமியில் கூட்டம் நெரிந்தது. ஆற்றங்கரை முழுக்க மரம், மரத்தடி முழுக்க நீலப் பாய், பாய் முழுக்க மனிதர்கள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் மீன் வடிவத் துணிக் கொடிகள் காற்றில் படபடத்தன. தோக்குஜி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முப்பத்தேழு வயதுப் பெண்ணைத் தேடுகிறோம் என்று அவர் தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கண் என்னவோ இருபத்தெட்டு வயதுக்காரியைத்தான் தேடியது.

கரையோரம் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் குச்சியில் குத்திய வறுத்த கொன்யாக்குக் கிழங்குக் கட்டி, ஒரு கடி கடித்தபடியே ஆறிப் போயிருந்தது. பக்கத்தில் பெரிய பை இருந்தது. மூன்று நாளுக்குத் தேவையானதைவிட அது பெரியது. அதன் வாயில் ஃபுகுவோக்கா மீன்முட்டை ஊறுகாய்ப் பெட்டி எட்டிப் பார்த்தது. தோக்குஜிக்குப் பிடித்தது அது ஒன்றுதான். விடுதிக்காரருக்கு யாரும் இவ்வளவு தூரத்திலிருந்து அதை வாங்கி வர மாட்டார்கள்.

"கனாயே."

அவள் திரும்பிப் பார்த்து எழுந்துவிட்டாள். "அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா நல்லாத்தான் இருக்கா. என் மேல கோவமா இருக்கா, அவ்வளவுதான்."

"பின்ன ஏன் இங்க? அங்க மரத்தை யார் பாக்கறா?"

"ஹெய்ஸ்கே."

"ஹெய்ஸ்கே அண்ணனா?" அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்கு பீச் பூவுக்கும் செர்ரிக்குமே வித்தியாசம் தெரியாதே. இன்னும் மொட்டுதானே? பரவால்ல."

"இல்ல. இன்னிக்குப் பூக்குது. இந்நேரம் பூத்திருக்கும்."

சிரிப்பு நின்றது. அவள் அவருடைய மண் ஒட்டிய காலணியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பையை நகர்த்தி இடம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயிலில் வரும்போது அழகாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது கைக்கு வரவில்லை.

"உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்," என்றார்.

"ஆமா. வந்திருக்கணும்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. மரியாதை பேசாமல் மகள் பேசிய முதல் பேச்சு அது.

"அந்த வருஷம் பூ எப்படி இருந்துச்சுப்பா?" என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெரியணும். அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

முப்பது வருஷத்துப் பூவையும் நாள் தவறாமல் ஒப்பிக்கிறவர் வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லம்மா," என்றார். "மறுநாளே மழை பெஞ்சுது. அம்மா திரும்பி வந்து, 'அவ வாசலையே பாத்துட்டு இருந்தா'ன்னு சொன்னா. அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

கனாயே கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோக்குஜி அவள் கையில் சாய்ந்துகொண்டிருந்த குச்சியை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம்."

"விடுதியில நாளைக்கு வரைக்கும் சொல்லி வச்சிருக்கீங்களே?"

"போற வழியில மன்னிப்புக் கேட்டுக்கறேன். எனக்கு அது இப்பப் பழகிடுச்சு."

நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வீட்டுக்குப் போன் செய்தார். ஃபுசாயே எடுத்த எடுப்பிலேயே பொரிந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஊரே தேடுது! ஹெய்ஸ்கே அஞ்சாவது பூவுலயே சில்லை மாட்டிட்டானாம், ஊர்த் தலைவர் கழட்டச் சொல்றார், அவன் மாட்டேங்கறான், கோயில்ல ஒரே சண்டை!"

"நான் கிதகாமியில இருக்கேன்."

ஃபுசாயே சண்டைக் கதையை அப்படியே விட்டுவிட்டாள். பிறகு வேறு குரலில், மெதுவாக, "அங்க பூ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

இந்தத் தடவை தோக்குஜிக்குப் புரிந்தது.

"பூவை நான் பாக்கல," என்றார். "பக்கத்துல நிக்கறா. ரெண்டு பேரும் வர்றோம். அரிசி கொஞ்சம் கூடவே போடு."