ஐந்து கிழிசல்

அந்தக் கூடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. யார் எந்தப் பாகத்தை வரைகிறார்களோ அதுவே பெயர். மேகம் போடுகிறவர் ஆகாசம். குதிரைக் கால்களுக்கு அடியில் புழுதி கிளப்புகிறவன் தூசி. குதிரைகளுக்குக் கண் வைக்கிற பெண் கண்ணு. பிடரி மயிர் தீட்டுகிற அவளுடைய அண்ணன் பிடரி. ஆறு குதிரைகள் பாய்ந்து வரும் ஒரே படத்தைப் பதினோரு பேர் வரிசையாக நின்று தீட்டி, ஒரு நாளைக்கு நாற்பதை முடிப்பார்கள். சோபாக் கடைகளுக்கும் ஹோட்டல் அறைகளுக்கும் போகிற படம். அந்த ஆறு குதிரைகளையும் முதன்முதலில் தாளில் வரைந்தவன் அண்ணன்தான். படத்தில் அவன் கையெழுத்து கிடையாது. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அச்சு இயந்திரம் வந்து இறங்கியது. துணியை நேராக உள்ளே விட்டால் குதிரைகள் மறுபக்கம் வழியாக வந்தன. டீ வருவதற்குள் நாற்பது படங்களைத் துப்பிவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "இனிமே யாரும் வரைய வேணாம். மேல இந்தப் பசையை நாலு இழுப்பு இழுத்தாப் போதும். தடவிப் பார்த்தா மேடும் பள்ளமுமா இருக்கணும். கையால வரைஞ்சதுன்னு சீட்டு ஒட்டிடலாம்."

"வரையாமலே எப்படி சார் கையால வரைஞ்சதாகும்?" என்றான் அண்ணன்.

"பசையைக் காலாலயா போடப் போற?"

கூடம் சிரித்தது. தூசிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அண்ணனின் காது மடல் சிவந்ததைக் கண்ணு பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தச் சிவப்பு தெரியும். எழுந்து அவனிடம் போவதற்குள் அவன் துணி வெட்டும் கத்தியை எடுத்துவிட்டான்.

முதல் படத்தை மூலைக்கு மூலை கிழித்தான். இரண்டாவதைக் குத்தினான். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தான். துணி கிழிபடும் சத்தத்தில் கூடமே உறைந்துபோனது. சூப்பர்வைசர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அண்ணன் திமிறியபோது கத்தி அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு இழுத்தது. ரத்தம் அச்சடித்த புழுதியின்மேல் தெறித்தது. ஆகாசமும் தூசியும் அவனைத் தரையில் சாய்த்தார்கள். தூசி அவன் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். முகம் சிமெண்டில் மோதி ஒரு பல் தெறித்து ஓடியது. கண்ணு தூசியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அப்படியும் அவன் விடவில்லை.

புதிய இயந்திரத்தைப் பார்க்க வந்திருந்த மொத்த வியாபாரி வாசலிலேயே நின்றிருந்தார். எல்லோரும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கிழிந்த படம் ஒன்றை எடுத்துச் சுவரில் சாய்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல என்னமோ இருக்கு," என்றார்.

மூன்றாம் நாள் முதலாளி கண்ணுவின் வீட்டுக்கே வந்தார். அண்ணன் அப்போது லாக்கப்பில் இருந்தான். முந்தின நாள் கண்ணு போய்ப் பார்த்தபோது அவனால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. உள்ளங்காலில் அடித்திருந்தார்கள்.

"புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிட்டேம்மா. உங்கண்ணன் வேலைக்கு வரட்டும். அந்த வியாபாரி நானூறு கேக்குறார்."

"எதுல நானூறு?"

"கிழிச்சதுல."

அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதங்களை நினைத்துக்கொண்டு அவள் தலையாட்டினாள்.

அண்ணன் திரும்பி வந்த முதல் நாள் நிஜமாகவே கிழித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்க்குள் கெட்ட வார்த்தை முணுமுணுத்துக்கொண்டு, சட்டமே உடையும்படி கிழித்தான். அறுபது படங்கள் போயின. நாற்பத்தைந்து திரும்பி வந்தன. வியாபாரி எடுத்துப்போன மாதிரியோடு ஒத்துப்போகவில்லையாம்.

சூப்பர்வைசர் கட்டுப்போட்ட கையால் துணியில் சாக்பீஸ் கோடு போட்டார். "அஞ்சு கிழிசல். நடுவுல உள்ளது இவ்வளவு நீளம். பார்க்குறவனுக்குக் கோபம் தெரியணும். ஆனா கோட்டைத் தாண்டக் கூடாது."

அதற்குப் பிறகு அண்ணன் கோட்டின்மேலேயே கிழித்தான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எறிந்தான். கதவைக் குத்தி விரல் முட்டிகளைப் பெயர்த்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையணையைக் குத்திப் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"அங்க கோபமே வரமாட்டேங்குது கண்ணு. கை மட்டும் ஏறி இறங்குது."

"வேலையை விட்டுடு அண்ணா."

"விட்டா மறுபடி லாக்கப்தான். வாபஸ்னு சொன்னாங்களே தவிர, கேஸை அவங்க இன்னும் மூடல."

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கிய நேரம். பசை காயாத துணி ஒன்றில் கத்தி சிக்கிக்கொண்டது. அண்ணன் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தான். வந்த வேகத்தில் அது தொடையில் பாதிவரை இறங்கியது. அவன் கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவன்போல் காலைப் பார்த்தபடி சரிந்தான். ரத்தம் விட்டுவிட்டுப் பீச்சியது.

கண்ணு மேசையைத் தாண்டிக் குதித்து, துப்பட்டாவை அவிழ்த்துத் தொடையை இறுக்கினாள். சூப்பர்வைசரும் ஓடி வந்தார். வந்தவர் படம் ஒன்றைத் தரையோடு தள்ளி, ரத்தம் விழுகிற இடத்துக்கு நேராக வைத்தார்.

"கொஞ்சம் அசையாம இருப்பா," என்றார் அண்ணனிடம்.

சட்டம் அடிக்கிற சுத்தியல் பக்கத்து மேசையில் கிடந்தது. அதை எடுத்தது கண்ணுவுக்கு நினைவில்லை. முதல் அடி அவர் வாயில் விழுந்தது. இரண்டாவது தோள்பட்டை எலும்பில் விழுந்து, எலும்பு முறிவது அவள் கைவரை தெரிந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே நிறுத்திக்கொண்டாள். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியவன், கழுத்தில் முழங்காலை ஊன்றிய அதே தூசி.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு தையல் போட்டார்கள். மறுநாள் காலை ஆகாசம் பார்க்க வந்தார். சேதி சொல்லத் தயங்கினார்.

"ரத்தம் பட்ட அந்தப் படத்தை வியாபாரி எடுத்துட்டுப் போயிட்டார். இன்னிக்கு காஞ்ச ரத்தம் மாதிரி தெளிக்கப் பழுப்புப் பெயிண்ட் நாலு டப்பா வந்திருக்கு. கிழிக்கிறதுக்கும் அஞ்சு பிளேடு வெச்ச மெஷின் சொல்லியாச்சு."

அவர் போன பிறகு அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"சூப்பர்வைசரை எத்தன அடி அடிச்ச?" என்றான்.

"ரெண்டு."

"ரெண்டும் ஒரே மாதிரி விழுந்துச்சா?"

"இல்ல. ரெண்டாவது கொஞ்சம் கோணல்."

"அப்ப திருப்பி அனுப்பிடுவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் போன இடத்தில் காற்று சீறியது. அவளும் சிரித்தாள். அடக்க அடக்க இருவருக்கும் அதிகமானது. ஒரு தையல் விட்டுக் கட்டு நனைந்தது. ஓடி வந்த நர்ஸ், "பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டி, அவளை வெளியே தள்ளினாள்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் போலீஸ் காத்துக்கொண்டிருந்தார்.

"சூப்பர்வைசரை அடிச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் கண்ணு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் எழுவதற்கு முன்பே நடக்கத் தொடங்கினாள்.