ஆற்றுத்துறையில் நின்ற குதிரைகள்

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஊர்கள் எரிந்த புகை அடங்குவதற்குள் பிரசேனன் யவனப் பாசறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். சுவாஸ்து ஆற்றங்கரையில் ஒரு சிற்றூருக்குத் தலைவன் அவன். மண் மதில், கொஞ்சம் குதிரைப்படை, நல்ல கோதுமை வயல்கள், அவ்வளவுதான் அவன் ஆட்சி. காளைகளையும் தானியத்தையும் முன்னால் ஓட்டிவிட்டு வெறுங்கையோடு பின்னால் நடந்து போனான். யவனத் தளபதி அவன் தோளில் பாரசீக அங்கி ஒன்றைப் போர்த்தி நண்பன் என்று சொன்னான். அந்த ஒரு சொல்லை யவன மொழியிலிருந்து பாரசீகத்துக்கு ஒரு துபாசியும், பாரசீகத்திலிருந்து மலைநாட்டுப் பேச்சுக்கு இன்னொரு துபாசியும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஊர் பிழைத்தது. வயலில் ஒரு கதிர்கூட மிதிபடவில்லை. அங்கியைத் தொட்டுப் பார்த்த மனைவி விந்தை, "குளிருக்கு நல்லாத்தான் இருக்கும். எங்க அண்ணன் கண்ணுல படும்போது மட்டும் போட்டுக்காதீங்க" என்றாள்.

அவள் அண்ணன் ஹயசேனன், ஆற்றின் மேல்பக்கம் வரணகிரிக் கோட்டையை ஆண்டுவந்தான். யவனன் கேட்ட தானியத்தைத் தர மறுத்துக் கதவை அடைத்துக்கொண்டவன். பனி உருகும் காலம் முழுக்க யவனர்கள் அந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கல்லெறியும் பொறிகளை மேலே ஏற்றினார்கள். மதிலில் ஓட்டை விழும், விடிவதற்குள் உள்ளே இருப்பவர்கள் அடைத்துவிடுவார்கள். தளபதியின் ஆட்கள் நிறையச் செத்தார்கள். அவன் எரிச்சல் நாளுக்கு நாள் ஏறியது. பிரசேனனும் தன் குதிரைக்காரர்களோடு அடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தான். மலைமேல் ஒவ்வொரு கல் விழும்போதும் மைத்துனன் வீட்டு முற்றம் அவன் நினைவில் வந்து போகும். திருமணத்தன்று அங்கேதான் ஆட்டுக்கறியும் திராட்சைக் கள்ளுமாக ஊரே படுத்துக் கிடந்தது.

கடைசியில் தளபதி அவனைக் கூப்பிட்டனுப்பினான். கோட்டையைத் திறந்துவிட்டு ஆயுதங்களோடு எல்லோரும் வெளியே வரலாம், தடுக்கமாட்டோம், போய்ச் சொல் என்றான். பாரசீகத் துபாசி நீளமாக ஏதோ சொன்னான். அடுத்த துபாசியின் வாயில் அது சின்னதாக வந்தது. நடுவில் என்ன விட்டுப்போனது என்று பிரசேனன் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்து குதிரையில் ஏறியபோது, யவனக் குதிரைப்படை ஆற்றோரப் புல்வெளிப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். மேய்ச்சலுக்குப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சேணத்தையும் ஈட்டியையும் சுமந்துகொண்டு எந்தக் குதிரையும் மேயப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

கோட்டைக்குள் பிண நாற்றம் அடித்தது. ஊற்று வற்றிப் போயிருந்தது. ஹயசேனன் தலையில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தானே தவிர கேலி போகவில்லை.

"வாங்க மாப்ள. புதுத் துணியெல்லாம் போட்டு வந்திருக்கீங்க. யவனன் வீட்டு மாப்ள ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க தங்கச்சி கதி என்ன?"

பிரசேனன் சிரிக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் ஒரு பெண் குழந்தையின் உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். ஹயசேனன் அவளையே வெகுநேரம் பார்த்தான்.

"இது யார் குடுக்கிற வார்த்தை மாப்ள? அவனுதா, உங்களுதா?"

யவனன் வார்த்தை என்று சொன்னால் இவன் நம்பமாட்டான். நம்பாவிட்டால் எல்லோரும் தாகத்தால் சாவார்கள். திரும்பிப் போய்க் கைவிரித்தால் தளபதி தன் ஊரை என்ன செய்வான் என்பதும் பிரசேனன் மனதில் ஓடியது.

"என் வார்த்தை மச்சான்" என்றான்.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது வரணகிரி காலியானது. ஆண்கள் வில்லோடும், பெண்கள் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் இறங்கி வந்து, முதலில் ஆற்றில் முகம் புதைத்துத் தண்ணீர் குடித்தார்கள். பிறகு புல்வெளியில் படுத்துவிட்டார்கள். நடக்கக்கூடத் தெம்பில்லை. உச்சி வெயிலில் யவனக் குதிரைகள் மூன்று பக்கமும் வந்து நின்றன. நாலாவது பக்கம் ஆறு. அதில் இறங்கிக் கடக்கக்கூடிய ஒரே துறையில் பிரசேனனின் குதிரைக்காரர்களைத்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

பிரசேனன் தளபதியிடம் ஓடினான். அவன் பேசியது துபாசிகள் வழியாகப் போய், பதில் திரும்பி வந்தது. வெளியே வரலாம் என்று சொன்னோம், வந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லையே. துறையைப் பார்த்துக்கொள்.

அவன் துறைக்குத் திரும்பும்போதே அம்புச் சத்தமும் அலறலும் தொடங்கிவிட்டன. அவன் குதிரைப்படையின் மூத்தவன் தண்டகன் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தபடி, "என்னங்கய்யா செய்யறது?" என்று கேட்டான். பிரசேனன் திரும்பிப் பார்த்தான். பின்னால் மேட்டில் யவன அதிகாரி ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதில் வராததால் குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

புல்வெளியிலிருந்து ஒரு கூட்டம் துறையை நோக்கி ஓடி வந்தது. பெரும்பாலும் பெண்கள். பின்னால் துரத்தி வந்த யவனர்களைத் தடுத்தபடி ஹயசேனன் கடைசியில் வந்தான். தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"வழி விடுங்க மாப்ள."

பிரசேனன் கையை உயர்த்தினான். குதிரைகள் கொஞ்சம் விலகின. பெண்களும் குழந்தைகளும் அந்தச் சந்தில் புகுந்து தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனார்கள். ஹயசேனன் கால் வைக்கும் நேரத்தில் மேட்டிலிருந்து அதிகாரி கத்தினான். பிரசேனனின் கை தானாகவே கீழே இறங்கியது. குதிரைகள் மறுபடி நெருங்கின.

ஹயசேனன் அவனைத் திட்டவில்லை. "பொம்பளைங்களையாவது விட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, வில்லை எறிந்துவிட்டு வாளை உருவிக்கொண்டு புல்வெளிக்கே போனான். அவன் விழுந்ததைப் பிரசேனன் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் குதிரையின் பிடரி மயிரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உதவிக்குப் பரிசாக வரணகிரியைத் தளபதி அவனுக்கே கொடுத்தான்.

அன்று மாலை ஊருக்கு வந்ததும் விந்தை அவனை உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் போன செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

தூரத்தில், தளபதியோடு இருந்ததாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டினாள். ஆற்றைக் கடந்து வந்த பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஒருத்தி தலைமுடியிலிருந்து இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லவேண்டியதை விந்தையிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அடுத்த நாள் விந்தை அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரணகிரிக்குப் போனாள். வழியில் புல்வெளியில் கிடந்தவர்களை அவர்களே பொறுக்கி எரித்தார்கள். விறகு போதவில்லை. பாதிப் பேரை மண்ணில்தான் புதைத்தார்கள். பிறகு ஆற்றிலிருந்து குடங்களில் தண்ணீர் சுமந்துகொண்டு மேலே ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார்கள்.

தளபதிக்குச் சிரிப்பு வந்தது. உன் கோட்டையை உன் பெண்டாட்டி ஆள்கிறாளா, போய்த் திற, இல்லையென்றால் நான் திறப்பேன் என்றான். பிரசேனன் தனியாக மேலே ஏறினான். அங்கி போடவில்லை. உடைந்த மதிலின் மேல் விந்தை வந்து நின்றாள். முகம் கரியும் புழுதியுமாக இருந்தது.

"வார்த்தை குடுக்க வந்தீங்களா?"

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். அவள் திரும்ப வரவில்லை.

கீழே போய்த் தளபதியிடம், உள்ளே கொள்ளைநோய் பரவிவிட்டது, தண்ணீரும் கெட்டுப்போயிற்று, உங்கள் ஆட்கள் கிட்டே போகவேண்டாம் என்று சொன்னான். துபாசிகள் இருவரும் முகத்தைச் சுளித்தபடி மாற்றிச் சொன்னார்கள். தளபதி நம்பினான். யவன ராஜாவின் பெரிய படை சிந்து நதியைக் கடக்கக் காத்திருந்தது. பெண்கள் அடைத்த ஓட்டைக் கோட்டைக்காக நிற்க அவனுக்கு நேரமில்லை. பிரசேனனையும் குதிரைகளோடு கூடவே வரச் சொன்னான். நண்பன் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்பது பிரசேனனுக்கு இப்போது புரிந்தது. போனான்.

இரண்டு கோடைகள் கழித்துத் தண்டகன் மட்டும் திரும்பி வந்தான். நடந்தே வந்தான். வரணகிரிக் கதவுக்கு வெளியே நின்று, கிழக்கே விடாத மழையில், ஏதோ ஒரு ஆற்றங்கரையில் காய்ச்சல் கண்டு ஐயா போய்விட்டார் என்றான். எந்த ஆறு என்று விந்தை கேட்டாள். பெயர் தெரியாது என்றான் தண்டகன். அங்கே ஆறுகள் நிறைய.

அவள் கயிற்றில் கட்டி வாற்கோதுமை மாவும் ஒரு குடுவைத் தண்ணீரும் இறக்கினாள். "சாப்பிட்டுட்டுப் போயிடு தண்டகா. உன்னைப் பார்த்தா உள்ள இருக்கிறவங்க தாங்கமாட்டாங்க."

அவன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தின்றான். குடுவையை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு மலையிறங்கிப் போனான்.